மறைகோடு

விடுதி ஜன்னலிலிருந்து கழற்றிய ஒரு கண்ணாடி. இருபுறமும் தடித்த புத்தகங்களை அடுக்கி, அவற்றின்மேல் கண்ணாடியைக் கிடத்தி, கீழே ஒரு மேசை விளக்கை எரியவிட வேண்டும். நண்பன் வரைந்து மதிப்பெண் வாங்கிய தாளைக் கண்ணாடிமேல் விரித்து, அதன்மேல் தன் வெள்ளைத் தாளைப் பொருத்தினால், கீழிருந்து ஊடுருவும் ஒளியில் ஒவ்வொரு கோடும் துலங்கும். பிறகு பென்சிலை ஓட்ட வேண்டியதுதான். மகாராஷ்டிரத்துப் பொறியியல் கல்லூரி விடுதிகளில் இதற்கு ‘ஜி.டி.’ என்று பெயர். ‘கிளாஸ் டிரேசிங்’ என்பதன் சுருக்கம்.

புணேயில் முதலாண்டு படித்த ஒரு மாணவன் தன் பொறியியல் வரைபடத் தாள்களில் பெரும்பாலானவற்றை இப்படித்தான் முடித்தான். மராத்வாடாவின் ஒரு சிற்றூரிலிருந்து வந்தவன். பத்தாம் வகுப்புவரை மராத்தி வழியில் படித்தவன். நுண்கணிதம் அவனை அச்சுறுத்தவில்லை. இயற்பியலையும் இரவில் விழித்திருந்து வென்றுவிட்டான். வரைபடக் கூடத்தில் மட்டும் அவன் கை உறைந்துபோயிற்று. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு பொருளின் சாய்ந்த உருவத்தை வரைந்து, ஓர் அம்புக்குறியிட்டு, “இந்தத் திசையிலிருந்து பார்ப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்” என்பார். சுற்றியிருந்தவர்கள் எதையோ பார்த்துவிட்டதுபோல் மினி டிராஃப்டரை நகர்த்தத் தொடங்குவார்கள். அவனுக்கு மட்டும் எதுவும் தெரியாது. தனக்கு அந்தக் கண் வாய்க்கவில்லை என்ற முடிவுக்கு இரண்டாம் வாரத்திலேயே அவன் வந்துவிட்டான். வாய்க்காத கண்ணுக்குப் பதிலாக வாய்த்தது ஜன்னல் கண்ணாடி.

படியெடுத்த தாள்கள் அழகாக இருந்தன. எழுத்துகள் துணைக்கோடுகளுக்குள் அடங்கி நின்றன. அளவுக்கோடுகளின் அம்புமுனைகள் கூர்மையாயிருந்தன. அவற்றைப் பார்த்து அவனிடம் யாரும் கேள்வி கேட்கவில்லை. தேர்வில் திரும்பத் திரும்ப வரும் கணக்குகளை மனப்பாடம் செய்து தேறினான். தாளில் என்ன இருக்கிறது என்பதை அறியாமலே அதை வரையக் கற்றுக்கொண்ட ஒருவனாக அவன் இரண்டாமாண்டுக்குச் சென்றான்.

அவன் தவறவிட்டது என்ன என்பதைச் சற்று விளக்க வேண்டும். தண்டவாளத்தின் நடுவே நின்று பார்ப்பவருக்கு இரு தண்டவாளங்களும் தொலைவில் ஒன்றுகூடுவதுபோல் தெரியும். ஓவியர் அவ்வாறே வரைவார்; அது கண்ணுக்கு உண்மை. ஆனால் அந்த ஓவியத்தில் அளவுகோலை வைத்துத் தண்டவாளத்தின் இடைவெளியை அளந்து, இன்னொரு பாதை அமைக்க முடியாது. அருகிலுள்ளது பெரிதாகவும் தொலைவிலுள்ளது சிறிதாகவும் தோன்றுவது, பார்ப்பவர் ஓரிடத்தில் நிற்பதால் வரும் விளைவு. அவரை முடிவிலாத் தொலைவுக்கு அனுப்பிவிட்டால், பொருளிலிருந்து புறப்படும் கோடுகள் அனைத்தும் ஒன்றுக்கொன்று இணையாகி, எதிரேயுள்ள தளத்தில் செங்குத்தாக வந்து விழும். அப்படி விழுந்த உருவமே ‘ஆர்த்தோகிராஃபிக் புரொஜெக்ஷன்’ எனப்படும் செங்குத்து வீழல். அதில் எந்தக் கண்ணும் கண்டிராத ஒரு தோற்றம் இருக்கும். ஆனால் தளத்துக்கு இணையான ஒவ்வொரு விளிம்பும் தன் உண்மை நீளத்தோடு இருக்கும். காட்சியின் அழகை விட்டுக்கொடுத்து அளவின் நேர்மையைப் பெறும் பேரம் இது.

அந்தப் பேரத்துக்கு ஒரு விலை உண்டு. ஒரு தளத்தில் விழும் உருவத்தில் ஆழம் காணாமற்போகிறது. வட்டமாகத் தெரிவது பந்தாகவும் இருக்கலாம். நாணயமாகவும், உருளையாகவும், அடிப்பக்கத்திலிருந்து பார்த்த கூம்பாகவும் இருக்கலாம். ஆகவே ஒரு தோற்றம் போதாது. செங்குத்துத் தளத்தில் முன்தோற்றம், கிடைத்தளத்தில் மேல்தோற்றம், தேவையானால் பக்கவாட்டில் மூன்றாவது தோற்றம். ஒன்று மறைத்ததை மற்றொன்று சொல்லும். பின்னர் இந்தத் தளங்களை ஒரே தாளாக விரித்துவிட வேண்டும். கண்ணுக்கு நேரே தெரியும் விளிம்பு அழுத்தமான தொடர்கோடு. உடலுக்குள்ளோ பின்புறத்திலோ மறைந்திருக்கும் விளிம்பு துண்டுதுண்டான கோடு. அதற்கு மறைகோடு என்று பெயர்.

இதை ஒழுங்குபட்ட ஒரு கலையாக்கியவர் பிரான்சின் காஸ்பார் மோன்ஜ். கற்சிற்பிகளும் தச்சர்களும் கட்டடக் கலைஞர்களும் தளப்படங்களையும் முகப்புப் படங்களையும் அதற்கு முன்பே பயன்படுத்தினர். ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1525இல் வெளியிட்ட வடிவியல் நூலிலேயே இணைத் தோற்றங்கள் உண்டு. சிதறிக் கிடந்த அந்தப் பழக்கத்துக்கு விதிகளைத் தந்தவர் மோன்ஜ். 1746இல் போன் நகரில் ஒரு சிறு வணிகரின் மகனாகப் பிறந்தவர். மேசியேர் நகரத்து அரச பொறியியல் பள்ளியில் அதிகாரிகளுக்கான பிரிவு உயர்குடியினருக்கு உரியதாக இருந்தமையால், வரைஞர்களையும் கைவினைஞர்களையும் பயிற்றும் பிரிவில்தான் அவருக்கு இடம் கிடைத்தது. அங்கே ஒரு கோட்டைச் சிக்கலை அவரிடம் கொடுத்தார்கள். எதிரி எந்த மேட்டில் நின்று பார்த்தாலும் கோட்டையின் உட்புறம் தெரியாதிருக்க, மதில் எங்கே எவ்வளவு உயர வேண்டும்? நெடுநேர எண்கணக்கில் தீர்க்கப்பட்டுவந்த அதை அவர் வரைபடத்தாலேயே விரைவில் தீர்த்தார். இவ்வளவு சீக்கிரம் விடை வந்திருக்க முடியாது என்று சொல்லி அதிகாரி அதைப் பார்க்கவே மறுத்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. பார்த்தபின் அந்த முறை படைத்துறை இரகசியமாயிற்று. புரட்சிக்குப் பின்னர் 1795இல்தான் அவரால் பாரிசில் வெளிப்படையாக அதைக் கற்பிக்க முடிந்தது. 1799இல் அது நூலாக வந்தது.

வரைபடம் அன்றிலிருந்தே இருவேறு மனிதரை இணைக்கும் பாலமாக இருந்துவருகிறது. ஒருவர் வரைவார், ஒருவர் செய்வார். இருவரும் சந்திக்காமலே போகலாம். பொதுப்பணிகளுக்கான கீழ்நிலைப் பணியாளரைப் பயிற்றுவிக்க 1854இல் தொடங்கப்பட்ட பூனா பொறியியல் வகுப்பு இந்தியாவின் பழைமையான பொறியியல் கல்விக்கூடங்களுள் ஒன்று. அதே நகரத்தின் மாணவனுக்கு இந்தப் பாலத்தின் மறுகரையில் யார் நிற்கிறார்கள் என்பது மூன்றாமாண்டுக் கோடை விடுமுறையில் தெரியவந்தது.

புணேயை அடுத்த போசரியில், வாகன உதிரிப்பாகங்களைக் கடைந்தும் துளைத்தும் கொடுக்கும் சிறு பட்டறைகள் ஏராளம். அவற்றுள் ஒன்றில் அவன் பயிற்சிக்குச் சேர்ந்தான். ஒருநாள் அயல்நாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் வரைபடம் மங்கிய நகலாக வந்தது. இயந்திரத்தருகே வைத்துக்கொள்ளத் தெளிவாக வரைந்து தரும்படி மேற்பார்வையாளர் அவனைப் பணித்தார். சிக்கலான பாகம் அன்று. நீள்சதுர எஃகுக் கட்டை. முன்தோற்றத்தில் இடது ஓரத்தை ஒட்டி ஒரு பெரிய ஊடுதுளை. ஒரு முனையில் மரை போட்ட இரண்டு சிறு துளைகள். முன்தோற்றத்துக்கு வலப்புறம் பக்கத்தோற்றம் இருந்தது. அதில் அந்தச் சிறு துளைகள் இரண்டு வட்டங்களாகத் தெரிந்தன.

அவன் அழகாக வரைந்தான். மூலத்திலிருந்த மறைகோடுகள் நெருக்கமாகவும் அழுக்காகவும் தோன்றியதால் விட்டுவிட்டான். துளையின் ஆழத்தைத்தான் எழுத்தில் குறித்தாயிற்றே என்று நினைத்தான். தாளின் மூலையில், தலை வெட்டிய கூம்பின் படமும் அதனருகே ஒன்றனுள் ஒன்றாக இரு வட்டங்களும் இருந்தன. ஏதோ நிறுவன முத்திரை என்றெண்ணி அதையும் விட்டுவிட்டான்.

அது முத்திரையன்று. ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் செங்குத்துத் தளமும் கிடைத்தளமும் வெளியை நான்கு கோணப் பகுதிகளாகப் பிரிக்கின்றன. முதல் பகுதியில் பொருளை வைத்தால், பார்ப்பவருக்கும் தளத்துக்கும் நடுவே பொருள் இருக்கும். சுவரில் நிழல் விழுவதுபோல் உருவம் எதிர்ப்புறம் விழும். எனவே மேலிருந்து பார்த்தது தாளில் கீழே வரும். இடப்புறமிருந்து பார்த்தது வலப்புறம் வரும். மூன்றாம் பகுதியில் வைத்தால், பார்ப்பவருக்கும் பொருளுக்கும் நடுவே தளம் கண்ணாடிபோல் நிற்கும். எந்தப் பக்கமிருந்து பார்த்தோமோ அந்தப் பக்கத்திலேயே உருவம் பதியும். மேல்தோற்றம் மேலே, வலத்தோற்றம் வலப்புறம். இரண்டாம், நான்காம் பகுதிகளில் தளங்களை விரிக்கும்போது தோற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிடுவதால் அவற்றை யாரும் பயன்படுத்துவதில்லை.

முதல் கோண முறை ஐரோப்பாவின் வழக்கம். மூன்றாம் கோண முறை அமெரிக்காவின் வழக்கம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் வெளியிட்ட எஸ்.பி. 46 என்னும் கையேடு முதல் கோண முறையை வகுத்துள்ளது. இரண்டிலும் தோற்றங்கள் அவையே. அவற்றின் இருப்பிடம் மட்டுமே வேறு. எந்த முறை என்பதைச் சொல்லத்தான் அந்தக் கூம்பு. வட்டங்கள் கூம்பின் அகன்ற முனையை அடுத்து நின்றால் முதல் கோணம். குறுகிய முனையை அடுத்து நின்றால் மூன்றாம் கோணம். பெருவிரல் நகத்தளவே உள்ள அந்தக் குறிதான் தாள் முழுவதையும் எப்படிப் படிப்பது என்று ஆணையிடுகிறது.

மில்லிங் இயந்திரத்தில் நின்றவர் ஐ.டி.ஐ. முடித்து இருபதாண்டு வேலை பார்த்தவர். பட்டறையின் சொந்தத் தாள்கள் எல்லாம் முதல் கோணத்தில் இருந்தமையால், குறியில்லாத தாளையும் அவர் அப்படியே படித்தார். வலப்புறம் இருப்பது இடப்புறத்திலிருந்து பார்த்த தோற்றம். ஆகவே துளைகள் இடது முனையில். மறைகோடு இருந்திருந்தால், முன்தோற்றத்தின் வலது ஓரத்திலேயே அது அவரைத் தடுத்து நிறுத்தியிருக்கும். தடுக்க எதுவுமில்லை. 60 கட்டைகளிலும் இடது முனையில் துளையிட்டு மரை வெட்டி முடித்தார். மூலம் சொன்னது வலது முனை. எஃகில் போட்ட துளையை யாராலும் திருப்பி எடுக்க முடியாது.

சரிபார்க்கும் மேசையில் பிழை தெரிந்ததும் மேற்பார்வையாளர் இயந்திரத்தருகே வந்து சத்தமிட்டார். சந்தேகம் வந்தால் கேட்டிருக்க வேண்டாமா, இத்தனை ஆண்டு வேலை பார்த்து என்ன பயன் என்றார். இழப்பின் ஒரு பகுதி சம்பளத்தில் பிடிக்கப்படும் என்றும் சொன்னார். முதியவர் எதிர்த்துப் பேசவில்லை. ஒரு கட்டையை எடுத்து எண்ணெய் துடைத்து, தாளோடு சேர்த்து மாணவனின் கையில் கொடுத்தார்.

“பாளா, நீ வரைந்திருப்பதைத்தான் நான் செய்திருக்கிறேன். பார்.”

மராத்தியில் ‘பாளா’ என்பது பிள்ளையை அன்போடு விளிக்கும் சொல். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அறிந்துகொள்ளும் ஆவலே இருந்தது. மாணவன் பார்த்தான். பார்த்தும் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன் தாளில் பிழை எங்கே இருக்கிறது என்றுகூடக் கண்டுபிடிக்க இயலாதவனாக நிற்பதே அவனை முதலில் அச்சுறுத்தியது. அடுத்து வந்த அச்சம் இன்னும் சிறுமையானது: பயிற்சிச் சான்றிதழ். அன்று மாலை அவன் வாய் திறக்கவில்லை.

இரவு அறையில் மூலத்தின் நகலையும் தன் தாளையும் அருகருகே வைத்துக்கொண்டு, மூன்றாண்டுக்கு முன் வாங்கிய பாடநூலை முதன்முறையாகத் தொடக்கத்திலிருந்து படித்தான். நான்கு கோணப் பகுதிகளின் படத்தில் தொடங்கி, கூம்புக் குறிக்கு வந்து சேர நள்ளிரவு கடந்துவிட்டது. அந்த இரவு அவனுக்கு விளங்கியது வடிவியல் மட்டுமன்று. ஜன்னல் கண்ணாடியின்மேல் அவன் மூன்றாண்டுக்கு முன் தவிர்த்த கணக்கு, போசரியில் ஒருவரின் சம்பளத்தில் கழிக்கப்பட இருந்தது.

மறுநாள் காலை இரு தாள்களையும் மேற்பார்வையாளரின் மேசையில் வைத்து, குறியையும் மறைகோடுகளையும் விட்டது தான் என்றான். அவர் நெடுநேரம் தாள்களைப் பார்த்தார். மூலத்தோடு ஒப்பிடாமல் அந்தத் தாளை இயந்திரத்துக்கு அனுப்பியது தாமே என்பதும் அவருக்குத் தெரியும். முதியவரின் சம்பளத்தில் கை வைக்கப்படவில்லை. மாணவனின் சான்றிதழ் மூன்று மாதம் தாமதித்து, பாராட்டுச் சொல் ஏதுமின்றி வந்தது.

அதைவிடப் பயனுள்ள ஒன்றை அவன் அங்கே பெற்றான். பயிற்சியின் எஞ்சிய நாள்களில் மதிய உணவுக்குப்பின் முதியவர் ஒரு துணி சோப்புக் கட்டியும் கத்தியும் எடுத்துக்கொண்டு அமர்வார். முதல் நாள் கட்டியின் ஒரு முனையைக் கனசதுரமாக வெட்டிவைத்துக் கேட்டார்: “முன்னாலிருந்து சதுரம், மேலிருந்தும் சதுரம். பொருள் என்ன?”

“இதுதான் மாமா, கனசதுரம்.”

அவர் பின்புறத்து மேல்விளிம்பைப் பற்றி, அங்கிருந்து முன்புறத்து அடிவிளிம்புவரை ஒரே சாய்வாகச் சீவினார். ஆப்பு வடிவம் வந்தது. முன்னாலிருந்து பார்க்கச் சொன்னார்: சதுரம். மேலிருந்து: சதுரம். இன்னொரு கனசதுரத்தை எடுத்து, சாய்வாகச் சீவாமல் கால்வட்டமாக வளைத்துச் சீவினார். இப்போதும் முன்னால் சதுரம், மேலே சதுரம். மூன்றையும் பலகையில் வரிசையாக வைத்தபோது அவன் சிரித்துவிட்டான். இரண்டு தோற்றங்கள் அப்படியே இருக்க மூன்று வேறு பொருள்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் சதுரம், முக்கோணம், கால்வட்டம். மூன்றாவது தோற்றம் அலங்காரத்துக்கன்று என்பதை எந்தக் கரும்பலகையும் அவனுக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அடுத்தடுத்த நாள்களில் அவனே கட்டியின் மூன்று முகங்களில் மூன்று தோற்றங்களைக் கீறி, வேண்டாத சோப்பை வெட்டித் தள்ளினான். வெட்டிய துண்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்து மீண்டும் தாளில் வரைந்தான். முதலில் கை அறிந்தது. பிறகு கண் அறிந்தது. ஒருநாள் சோப்பு இல்லாமலே மனம் பொருளைத் திருப்பிப் பார்த்தது. வாய்க்கவில்லை என்று அவன் முடிவுகட்டிய கண் அது.

இப்படி முடிவுகட்டுபவர் பலர். அமெரிக்காவின் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி என்னும் பொறியியல் பேராசிரியர் இதையே ஆராய்ந்தார். மாணவராக இருந்தபோது வரைபடப் பாடத்தில் தாமே தடுமாறியவர் அவர். மனத்தில் உருவங்களைச் சுழற்றிப் பார்க்கும் தேர்வில் பின்தங்கிய முதலாண்டு மாணவர்களுக்காக 1993 முதல் அங்கே ஒரு தனிப் பயிற்சி நடத்தப்பட்டது. கட்டைகளைக் கையாண்டு, கையால் வரைந்து பழகிய மாணவர்களின் திறன் தெளிவாக உயர்ந்தது. பின்தங்கியோரில் பெண்களின் விகிதம் மிகுந்திருந்தமையால் அவர்களுக்கு இது பெரிய துணையாயிற்று. இடத்தை உணரும் திறன் பிறப்பில் வந்து முடிந்துபோவதன்று, பயிற்சியால் வளர்வது என்பதே அந்த ஆய்வுகளின் சாரம். வீட்டில் கட்டைகளை அடுக்கியும் பொறிகளைப் பிரித்தும் விளையாட வாய்ப்புப் பெற்ற பிள்ளை அந்தப் பயிற்சியோடு வகுப்புக்கு வருகிறது. பெறாத பிள்ளையிடம் ‘கற்பனை செய்துகொள்’ என்று மட்டும் சொல்லும் வகுப்பறை, தான் கற்பிக்க வேண்டியதையே நுழைவுத் தகுதியாக வைத்துவிடுகிறது.

கணினி வந்துவிட்ட பிறகு இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி எழலாம். திரையில் முப்பரிமாண உருவத்தைச் சமைத்தால் தோற்றங்களை மென்பொருளே பிரித்துத் தந்துவிடும். முதல் கோணமா மூன்றாம் கோணமா என்பதும் அதில் ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுப்பதோடு முடிந்துவிடும். மறைகோடுகளைக் காட்டுவதும் நீக்குவதும் ஒரு சொடுக்கு. ஆனால் அந்தச் சொடுக்கின் மறுமுனையில், எண்ணெய் படிந்த தாளைப் பார்த்து எஃகில் கை வைக்கும் ஒருவர் இன்னும் நிற்கிறார். எதைக் காட்ட வேண்டும், எதை விடலாம் என்பதை அவருக்காக யாரோ ஒருவர்தான் முடிவு செய்கிறார்.

அந்த மாணவன் இன்று ஆய்வு மாணவன். முதலாண்டினரின் வரைபடக் கூடத்தில் உதவியாசிரியனாகவும் நிற்கிறான். கண்ணாடிமேல் படியெடுத்த தாளை அவனால் எளிதில் இனங்காண முடியும். முன்வைத்தவர் செய்த பிழையும் அதே இடத்தில் அமர்ந்திருக்கும். சென்ற பருவத்தில் ஒரு மாணவி அப்படியொரு தாளைக் கொண்டுவந்தாள். அவன் அதைக் கிழிக்கவில்லை, சிவப்பு மையால் அடிக்கவுமில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு சோப்புக் கட்டியையும் கத்தியையும் எடுத்து அவள் முன் வைத்தான். தாளில் இருப்பதை வெட்டிக் காட்டும்படி சொன்னான்.

அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டு கட்டிகள் வீணாயின. மூன்றாவதைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தி, தன் தாளை இழுத்து, பென்சிலை எடுத்தாள். முன்தோற்றத்தின் வலது ஓரத்தில் ஒரு மறைகோட்டை வரைந்தாள். அது சற்றுக் கோணலாக இருந்தது. அந்தத் தாளில் அவளே வரைந்த கோடு அது ஒன்றுதான்.